ஒரு மேஸும் ஒரு கம்பளியும்

ஹரி பொட்டருக்கு வந்த முதல் கடிதத்தின் உறையில் என்ன விலாசம் இருந்தது, ஞாபகம் இருக்கா? பெயர், படிக்கட்டுக்குக் கீழே அவன் படுக்கிற சாமான் அறை, வீட்டு இலக்கம் 4, தெரு, ஊர் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கும். அதுவரை அவனுக்கு யாரும் கடிதம் போட்டதில்லை. ஆனாலும் அவன் எந்த மூலையில் படுக்கிறான் என்பது அனுப்பினவர்களுக்குத் தெரியும். வேர்னன் அவனை வேறு அறைக்கு மாற்றினால் அடுத்த கடிதத்தில் அந்த அறையின் பெயர் வரும். (வேர்னன் முறைக்குப் பெரியப்பா. இங்கிலீஷில் எல்லாரும் அங்கிள்தான்.) கடலுக்கு நடுவில் ஒரு பாறைக் குடிசைக்கு இழுத்துக்கொண்டு போனால், அந்தக் குடிசையின் தரையைத் தேடிக் கடிதம் வரும்.

பன்னிரண்டு வயதில் இந்த இடத்தை ஒரே ஓட்டமாகக் கடந்தோம். ஹக்ரிட் கதவை உடைத்துக்கொண்டு வருகிற இடத்துக்குப் போகிற அவசரம். போன டிசம்பர் லீவில், ஏழு புத்தகத்தையும் மறுபடி வாசிப்போம் என்று நாலு பேர் சேர்ந்து தொடங்கினோம். முதல் புத்தகம், மூன்றாவது அதிகாரம். நாலு பேரும் தனித்தனியாக, அந்த விலாசத்திலேயே நின்றுவிட்டோம். பிறகு வட்சப்பில் பேசும்போதுதான் அது தெரிந்தது.

ஏன் நின்றோம் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்றோம். லயத்துக் காம்பராவுக்குத் தெரு கிடையாது. தபால்காரர் தேடி வந்து தட்டுகிற வீட்டு இலக்கமும் கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம், ஊர். அவ்வளவுதான் விலாசம். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும். அங்கேயிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஒரே பெயரில் ஒரு டிவிசனில் மூன்று ராஜேஸ்வரி இருந்தால், கடிதம் மூன்று வீட்டுக்கும் போய், உடைபட்டு, கடைசியில் சரியான ராஜேஸ்வரிக்கு வரும். எங்களில் ஒருத்தியின் அக்காவுக்கு வந்த இன்டர்வியூ கடிதம் ஒபிசில் ஒன்பது நாள் கிடந்தது. இன்டர்வியூ ஏழாவது நாள். ஆந்தை எல்லாம் வேண்டாம், ஒரு சைக்கிள் போதுமாக இருந்தது.

நாங்கள் நாலு பேரும் கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். எட்டியாந்தோட்டைப் பக்கம் இரண்டு பேர், தெஹியோவிட்டயில் ஒருத்தி, புளத்கொஹுபிட்டியவில் ஒருவன். மலையகம் என்றதும் எல்லாரும் ஹட்டன், நுவரெலியா, பனி, பச்சைத் தேயிலை என்றுதான் படம் எடுப்பார்கள். எங்கள் பக்கம் றப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கும். பனி இல்லை. வேர்வையும் அட்டையும்தான். தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் கிட்டத்தில் இல்லாத பிள்ளைகள் சிங்கள மொழியில் படிப்பார்கள். எங்களில் ஒருவன் அப்படிப் படித்தவன். ஹரி பொட்டர் அவனுக்கு முதலில் கிடைத்தது, பக்கத்து மேசைப் பையன் இடைவேளையில் சிங்களத்தில் சொன்ன கதையாகத்தான். மற்ற மூன்று பேரும் டவுண் நூலகத்தில் இருந்த அட்டை போன இங்கிலீஷ் பிரதிகளைப் பிடித்தோம். கையில் இருந்தது மலலசேகரவின் இங்கிலீஷ்–சிங்கள அகராதி. இங்கிலீஷ் சொல்லுக்குச் சிங்களத்தில் அர்த்தம் பார்த்து, அவனிடம் கேட்டு, அதைத் தமிழில் யோசித்து, ஒரு பக்கம் முடிய அரை மணி நேரம் போகும். இரண்டாவது புத்தகத்துக்குப் பிறகு அகராதியை மூடிவிட்டோம். தெரியாத சொல் எல்லாம் மந்திரம் என்று வைத்துக்கொண்டோம். அது நல்லாவே வேலை செய்தது.

இந்தத் தடவை முதல் புத்தகத்தைத் தமிழில் வாசித்தோம். பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பு, ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’. கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. தமிழில் வாசித்தால் கதை வேறு மாதிரி நகரும். அகராதியைப் புரட்டிய இடங்களில் முன்னே எங்களுக்கு வேகம் குறையும், இப்போது அந்த வேகத்தடை எதுவும் இல்லை. ஆனால் பெயர் மட்டும் ஒத்துவரவில்லை. இந்தியாவில் அவன் ஹாரி பாட்டர். எங்கள் நாக்குக்கு அவன் ஹரி பொட்டர்தான். அப்படியே எழுதுகிறோம், கோவிக்காதீங்க.

சின்ன வயசில் நாங்கள் எல்லாரும் ஹரிதான். நெற்றியில் பேனையால் மின்னல் கீறுவது மற்றப் பிள்ளைகளின் விளையாட்டு. எங்களுக்கு அதைவிட நல்ல சாமான் இருந்தது, றப்பர் பால். சிரட்டையில் இருந்து ஒரு சொட்டு எடுத்து நெற்றியில் கோடாக இழுத்தால், காய்ந்ததும் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மெதுவாக உரித்தால் இன்னொரு முகத்தைக் கழற்றுகிற மாதிரி இருக்கும். புருவத்தில் பட்டால் மயிரோடு வரும். சட்டையில் பட்டால் அந்தக் கறை சாகும்வரை போகாது. அப்பா விடியக் காலையில் வெட்டிய பாலில் நாங்கள் இப்படி விளையாடியதற்கு வாங்கிய அடி கொஞ்சமில்லை. சிரட்டை குறைந்தால் பாலின் நிறை குறையும், நிறை குறைந்தால் அன்றைய பேர் அரைப் பேர். மரத்தில் சாய்வாக வெட்டிய கோட்டையும் ஹரியின் நெற்றிக் கோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற வயசு அப்போது இல்லை. இப்போது பார்த்தோம். பார்த்துவிட்டு அந்த ஒப்புமையை அங்கேயே விட்டுவிட்டோம். றப்பர் மரத்துக்கு அடுத்த வெட்டு இரண்டு நாளில் வரும், ஹரிக்கு ஏழு புத்தகத்துக்கும் ஒன்றுதான்.

மறுபடி வாசிக்கும்போது முதலில் கிட்ட வந்தவன் ரொன். ரயிலில் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வெளியே எடுக்கக் கூச்சப்படுகிறான் பாருங்க, அந்த இடம். அண்ணன்மாரின் பழைய உடுப்பு, பழைய மந்திரக்கோல், பழைய எலி. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸில் மற்றவர்கள் கடைப் பனிஸ் எடுக்க, பையைத் திறக்காமல் பசி இல்லை என்று சொன்னவர்கள் எங்களுக்குள்ளேயே இரண்டு பேர். பையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தது. சின்ன வயசில் ரொன் எங்களுக்குச் சிரிப்புக்காட்டுகிற ஆள். இப்போது ஹரிதான் கொஞ்சம் தூரமாகத் தெரிகிறான். வங்கியில் குவியலாகத் தங்கம் வைத்திருக்கிறவன் எப்படிங்க அநாதை?

தேத்தண்ணியும் அப்படித்தான். இந்தப் புத்தகங்களில் யாருக்கு என்ன நடந்தாலும் தேத்தண்ணி ஊற்றுவார்கள். ஹக்ரிட் வீட்டில் தேத்தண்ணி, வீஸ்லி வீட்டில் தேத்தண்ணி. மூன்றாவது புத்தகத்தில் ட்ரெலோனி டீச்சர் கோப்பையின் அடியில் தங்கிய இலையைப் பார்த்து எதிர்காலம் சொல்லுவார். எங்கள் வீட்டில் முயன்று பார்த்தோம். நல்ல இலை எல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும், வீட்டுக்கு வருவது டஸ்ட். எங்கள் எதிர்காலம் வடிகட்டியிலேயே நின்றுவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, “அப்ப அது கோடாங்கிப் பள்ளிக்கூடமா?” என்று கேட்டார். உடுக்கை இல்லாத கோடாங்கி என்று சொன்னோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

எங்களை உண்மையாகவே நிறுத்தியது டொபிதான்.

இரண்டாவது புத்தகம், 1998இல் வந்தது. டொபி ஒரு வீட்டு எல்ஃப். ஒரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுக்கும் பரம்பரையாகக் கட்டுப்பட்டவன். சம்பளம் இல்லை. உடுப்பு இல்லை, பழைய தலையணை உறையைத்தான் போட்டிருப்பான். எசமான் தன் கையால் ஒரு உடுப்பைக் கொடுத்தால் அவனுக்கு விடுதலை. கடைசியில் ஹரி ஒரு மேஸை வைத்துத் தந்திரம் பண்ணி, எசமான் வீசியதை டொபி பிடிக்கிறான். பன்னிரண்டு வயதில் நாங்கள் அந்த இடத்தில் கத்தியிருக்கிறோம். பழைய மேஸ் ஒன்றை ஒருவருக்கொருவர் எறிந்து ‘நீ விடுதலை’ என்று விளையாடியிருக்கிறோம். அந்த மேஸ் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற ஒரே சோடியில் ஒன்று.

எசமான் உடுப்புக் கொடுத்தால் விடுதலை. இந்த வசனத்தை இந்தத் தடவை எங்களில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, “கம்பளி?” என்று கேட்டாள்.

நம்ம ஆட்களுக்கும் எசமான் உடுப்புக் கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டில் இருந்து கடல் தாண்டி, காடு வழியாக நடந்து, கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள். மழைக்கும் குளிருக்கும் அதுதான். கொழுந்து எடுக்கிற பெண்கள் தலையில் இருந்து முதுகு மறைகிற மாதிரிப் போட்டுக்கொள்வது அந்தக் கம்பளிதான். ஆனால் அது சும்மா வரவில்லை. கம்பளி, அரிசி, வழிச் செலவு எல்லாம் கடனாகப் பேரில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும் முன்னமே கடன்காரன். பெரிய கங்காணியிடம் இருக்கும் கணக்கில் அந்தக் கடன் குறையாது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற ஒரு கடதாசித் துண்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடு கூடவே நடக்கும். இந்த முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1921இல்தான். டொபியின் உலகத்தில் ஒரு மேஸ் கட்டை அவிழ்த்தது. எங்கள் உலகத்தில் ஒரு கம்பளி கட்டுப் போட்டது. ரௌலிங்குக்கு இது தெரிந்திருக்கத் தேவையில்லை. அவருடைய எல்ஃபுகள் இங்கிலாந்தின் பழைய கதைகளில் இருந்து வந்தவர்கள், அங்கேயும் உடுப்புக் கொடுத்தால் வீட்டுக் குட்டிப்பேய் போய்விடும். ஆனால் வாசிக்கிறவர்கள் நாங்கள்.

இன்னொரு விஷயம் இதைவிடக் கஷ்டமானது. நாலாவது புத்தகத்தில் விங்கி வருகிறாள். அவளுக்கும் உடுப்புக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவள் சந்தோசப்படவில்லை. அழுது, குடித்து, எசமானின் பெயரைச் சொல்லி ஏங்குகிறாள். ஐந்தாவது புத்தகத்தில் கிரீச்சர். அந்த வீட்டுச் சுவரில் செத்துப்போன எல்ஃபுகளின் தலைகளை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள், தன் தலையும் ஒரு நாள் அங்கே ஏற வேண்டும் என்பதுதான் கிரீச்சரின் ஆசை. பல வாசகர்கள் இந்த இடத்தில் கோபப்பட்டு எழுதியிருக்கிறார்கள். அடிமை அடிமையாக இருக்க விரும்புகிறான் என்று காட்டுவது எவ்வளவு வசதியான பொய் என்று. அந்தக் கோபம் நியாயமானது, எங்களுக்கும் அது உண்டு.

ஆனால் எங்களில் ஒருத்தியின் அம்மாயிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பழைய பெரிய துரையைப் பற்றிப் பேசும்போது இன்னமும் குரல் தாழும். ‘நல்ல தொரை’ என்பார். தீபாவளிக்கு என்ன கொடுத்தார், மழையில் நின்றவளைப் பார்த்து ஒரு தடவை என்ன சொன்னார் எல்லாம் கதை கதையாக வரும். அதே வாயால், பெரட்டுக்குப் பிந்தி வந்தவளை விரட்டிவிட்டதையும், பிள்ளை பிறந்து எத்தனை நாளில் மலைக்கு ஏறினார் என்பதையும் சொல்லுவார். இரண்டுக்கும் ஒரே குரல். நாங்கள் முன்னே இதைக் கேட்டு எரிச்சல்பட்டுப் பேசுவோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெற்றிலையை மடிப்பார். விங்கியை வாசித்த அன்று இரவு அவள் அம்மாயியிடம், ‘அந்தத் துரை போனப்போ அழுதீங்களா?’ என்று கேட்டிருக்கிறாள். “அழுதேன். அடுத்து வாறவன் எப்படி இருப்பானோன்னு” என்றாராம். விங்கியைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நாங்கள் எங்கும் வாசிக்கவில்லை. ரௌலிங் விங்கியை அழவைத்தார், ஏன் அழுகிறாள் என்று யாரையும் உட்கார்ந்து கேட்கவைக்கவில்லை.

ஹெர்மாயினி கேட்கிறாள் என்று நீங்கள் சொல்லலாம். இங்கேதான் எங்களுக்குள் பெரிய சண்டை. ஹொக்வர்ட்ஸில் மேசையில் தானாக வருகிற சாப்பாட்டை, கீழே குசினியில் நூற்றுக்கும் மேலான எல்ஃபுகள் சமைக்கிறார்கள் என்று நாலாவது புத்தகத்தில்தான் அவளுக்குத் தெரியவருகிறது. சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாள். சங்கம் தொடங்குகிறாள், பட்ஜ் அடிக்கிறாள், சந்தா கேட்கிறாள். அடுத்த வருஷம் தொப்பி பின்னி, குப்பைக்குக் கீழே ஒளித்து வைக்கிறாள், கூட்ட வருகிற எல்ஃப் தெரியாமல் எடுத்தால் விடுதலையாகிவிடும் என்று. எல்ஃபுகள் அதை அவமானமாக எடுத்து அந்த அறைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். டொபி ஒருவனே அத்தனை அறையையும் கூட்டுகிறான். எங்களில் இரண்டு பேருக்கு இந்த இடத்தில் சிரிப்புத் தாங்கவில்லை. தோட்டத்துக்கு வான் பிடித்து வந்து, எல்லாருக்கும் ஒரே நிற டீசேர்ட் கொடுத்து, ‘விழிப்புணர்வு’ பண்ணி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த டீசேர்ட்டும் ஒரு வகைத் தொப்பிதான்.

மூன்றாமவள் விடவில்லை. “அவளாவது சாப்பாட்டைத் தள்ளி வச்சாள். ரொன் தள்ளி வச்சானா? ஹரி தள்ளி வச்சானா? நம்மளைப் பத்திப் பேசின எத்தனை பேர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வச்சிருக்காங்க?” என்றாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஹெர்மாயினிக்கு அப்போது வயது பதினைந்து என்பதையும் அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

டொபியின் சம்பளக் கதையும் அந்தப் புத்தகத்தில்தான். விடுதலையான டொபி ஹொக்வர்ட்ஸில் வேலை கேட்கிறான். டம்பிள்டோர் கிழமைக்குப் பத்து கலியன், சனி ஞாயிறு லீவு தருகிறேன் என்கிறார். டொபி பேரம் பேசிக் குறைக்கிறான். கிழமைக்கு ஒரு கலியன், மாதத்துக்கு ஒரு நாள் லீவு. புத்தகத்தில் இது பகிடி. 2015இல் இருந்து நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டு, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்ததைப் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எப்படிப் பகிடியாகும்? 2024இல் அது 1,350 ஆனபோதும், இத்தனை கிலோ எடுத்தால்தான், இத்தனை நாள் வந்தால்தான் என்று வால் பிடித்த கதைகள் தனி. தன் சம்பளத்தைத் தானே குறைக்கிற தொழிலாளியை நாங்கள் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை. அந்த ஆளைக் கதை எழுதுகிறவர்களால் மட்டும்தான் பார்க்க முடியும்.

வீட்டு எல்ஃப் என்றால் எங்களுக்கு இன்னொரு முகமும் வரும். எங்கள் வகுப்பில் எட்டாம் ஆண்டோடு காணாமல் போன பிள்ளைகள். கொழும்பில் ஒரு வீட்டில் நிற்கிறாள் என்பார்கள். ‘நிற்கிறாள்’ என்கிற சொல்லைப் பாருங்க. 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் அப்படி நின்ற, டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். மலையகம் முழுக்க ரோட்டில் இறங்கியது. டொபி இரண்டாவது தடவை ஹரியிடம் வரும்போது விரல்களில் கட்டுப் போட்டிருப்பான். தனக்குத்தானே தண்டனையாகக் கையை இஸ்திரிக்கை வைத்துச் சுட்டுக்கொண்டவன். அந்தப் பக்கத்தில் நாங்கள் எதுவும் பேசவில்லை. அன்றைக்கு வாசிப்பை அதோடு நிறுத்தினோம்.

ஏழாவது புத்தகம் (2007) சின்ன வயசில் எங்களுக்குப் பிடிக்காத ஒன்று. பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, கூடாரத்தில் கிடந்து சண்டை போடுவார்கள். இப்போது எங்களுக்கு அதுதான் முதலிடம். அதில் அமைச்சுக்குள்ளே ஓர் ஆணைக்குழு வருகிறது. மந்திரம் தெரியாத அம்மா அப்பாவுக்குப் பிறந்த மந்திரக்காரர்கள் எல்லாரும் வந்து பதிய வேண்டும். பரம்பரையில் ஒரு மந்திரக்காரரையாவது காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மந்திரத்தைத் திருடியதாக முடிவு, மந்திரக்கோலைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு அம்மாவை நிறுத்தி, இந்தக் கோலை யாரிடம் இருந்து எடுத்தாய் என்று கேட்கிற விசாரணை வரும். பதினொரு வயதில் கடையில் வாங்கியது என்று அவள் அழுதழுது சொல்லுவாள்.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரிடம் கேட்டதும் இதைத்தான். அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. பிறப்புப் பதிவே ஒழுங்காகக் கையில் இல்லாத ஆட்களிடம் மூன்று தலைமுறைக்கு அத்தாட்சி. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசில் இருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஆட்களின் கையில் அடுத்த தேர்தலுக்கு வாக்கு இல்லை. மந்திரக்கோல் என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்று புரியும். 1949இல் விண்ணப்பிக்க ஒரு சட்டம் வந்தது. கலியாணம் முடித்தவர் ஏழு வருஷம், முடிக்காதவர் பத்து வருஷம் இங்கேயே இருந்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பித்தார்கள், கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இங்கே என்று பிரித்தது. அம்மாயியின் அண்ணன் அந்தக் கணக்கில் போனவர். நீலகிரியில் டான்டீ தோட்டத்தில் மறுபடி தேயிலையிலேயே நின்றார். அங்கே அவருக்குப் பெயர் சிலோன்காரர். ஹரிக்கு ஒரு கோச்சி, பிளாட்பாரத்தில் சிரித்துக்கொண்டு ஏறுவான். தலைமன்னாருக்குப் போன கோச்சியை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்று சொன்னார்கள். மீதியாக நின்றவர்களின் பிரச்சினையை முடிக்கச் சட்டம் வந்தது 2003இல். நாங்கள் அப்போது குழந்தைகள்.

ஹெர்மாயினியை மல்ஃபோய் ஒரு சொல்லால் திட்டுவான், அழுக்கு இரத்தம் என்று. அந்தச் சொல்லுக்கு இங்கே தமிழில் மொழிபெயர்ப்புத் தேட வேண்டியதில்லை. இரண்டு சொல் தயாராக இருக்கிறது. ஒன்று கள்ளத்தோணி. இன்னொன்று தோட்டக்காட்டான். இரண்டாவது சொல் நம்ம தமிழ் பேசுகிற ஆட்கள் கண்டுபிடித்தது, அதனால் அது கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

அந்த ஆணைக்குழுவின் தலைவி அம்பிரிட்ஜ். கழுத்தில் ஒரு பதக்கம் போட்டிருப்பார், திருட்டுச் சாமான், லஞ்சமாக வாங்கியது. அதில் இருக்கிற எழுத்தைக் காட்டி, நான் பெரிய பரம்பரை என்று சொல்லிக்கொள்வார். மற்றவர்களிடம் பரம்பரை கேட்கிறவரின் பரம்பரை பொய். இந்த இடத்துக்காக மட்டும் ரௌலிங்குக்கு நாங்கள் நிறைய மன்னிப்போம்.

எல்லாவற்றையும் இல்லை. 2020இல் இருந்து திருநர்களைப் பற்றி அவர் எழுதிவருவதைப் பார்த்து, எங்களில் ஒருவர் இனிப் புதுப் பிரதிக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விலக்கி வைக்கப்பட்டவர்களைப் பற்றி இவ்வளவு எழுதினவர், விலக்கி வைக்கப்படுகிற ஆட்களிடம் இப்படியா என்பது அவருடைய கேள்வி. மற்ற மூன்று பேருக்கும் மறுப்பில்லை. பழைய பிரதிகள்தான் சுற்றுக்கு விட்டோம். அவரும் சேர்ந்து ஏழையும் வாசித்து முடித்தார், அதுவும் முதல் ஆளாக.

ஏழாவது புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை எத்தனை பேர் கவனித்தீங்களோ தெரியல. பத்தொன்பது வருஷம் கழித்து வருகிற முடிவுரை இல்லை, அதற்கு முன்னால். சண்டை முடிந்துவிட்டது. வோல்டமோர்ட் செத்தாச்சு. டொபி ஏற்கெனவே செத்து, ஹரி தன் கையால் குழி தோண்டிப் புதைத்தாச்சு. குசினி எல்ஃபுகள் கிரீச்சர் தலைமையில் கத்தி எடுத்துக்கொண்டு வந்து சண்டை போட்டாச்சு. அதற்குப் பிறகு ஹரிக்கு வருகிற கடைசி நினைப்புகளில் ஒன்று, கட்டிலில் படுத்தால் கிரீச்சர் ஒரு சண்விச் கொண்டுவந்து தருவானா என்பது.

இதை வாசித்த அன்று இரவு வட்சப்பில் 140 மெசேஜ். களைத்துப்போன பதினேழு வயதுப் பையனுக்குப் பசிக்காதா என்று ஒருவன். சண்டை போட்ட கிரீச்சருக்குப் பசிக்காதா என்று ஒருத்தி. எல்ஃபுகளுக்கு விடுதலை கிடைத்ததா என்று ஒரு வரிகூட இல்லாமல் ஏழு புத்தகம் முடிகிறது, அது அவருக்கு மறந்துபோனதா, தேவையில்லாமல் போனதா என்று இன்னொருத்தி. கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எங்களில் ஒருவன் அதிகாலை ஒரு மணிக்கு, ‘எங்க அப்பா பால் வெட்டப் போக இன்னும் நாலு மணி நேரம், நான் படுக்கிறேன்’ என்று போட்டுவிட்டுப் போய்விட்டான்.

தோட்டத்து முன்பள்ளிக் கட்டடத்தில் நாங்கள் ஒரு சின்னப் புத்தக அலுமாரி வைத்திருக்கிறோம். ஹரி பொட்டரை அதில் வைக்கலாமா என்று அடுத்த சண்டை. இதெல்லாம் தெரிந்த பிறகு பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்று ஒரு பக்கம். எங்களுக்குக் கிடைத்த அந்தக் கத்தல், அந்த மேஸ் விளையாட்டு, அதை ஏன் அவர்களுக்கு மறுக்கணும் என்று இன்னொரு பக்கம். ஒரு குறிப்பு எழுதி உள்ளே ஒட்டுவோம், துண்டு, கம்பளி, 1948 எல்லாம் போட்டு, என்று ஒரு யோசனை வந்தது. எழுதியும் பார்த்தோம். ஹெர்மாயினியின் தொப்பி மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டோம்.

புத்தகங்களை மட்டும் வைத்தோம், தமிழ்ப் பிரதியை முன்னுக்கு. ஏழாம் ஆண்டில் படிக்கிற ஒருத்தி முதலாவதை நாலு நாளில் முடித்துவிட்டு இரண்டாவதைக் கேட்டு வந்தாள். இரண்டாவது எங்களிடம் இங்கிலீஷில்தான் இருந்தது. பரவாயில்லை என்று அகராதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். போன ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் எங்களைப் பிடித்து, “அக்கா, இந்த டொபிக்கு வீடு எங்க? அவனுக்கு லெட்டர் போட்டா எங்க போகும்?” என்று கேட்டாள்.

வாசி, பிறகு சொல்றோம் என்றோம். மேஸ் வருகிற இடத்துக்கு அவள் இன்னும் போகவில்லை.